சமமாகப் பிரித்துக் கொடுத்தால் சண்டை வராதா?

வாசகர் கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்து 38 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இன்று 140 பேர் வேலை செய்கிறார்கள். கணவருக்கு 71 வயது. அவர் பெயரில் 75 சதவீதம் பங்கு, என் பெயரில் 25. மூத்த மகன் 16 ஆண்டுகளாகத் தொழிலில் இருக்கிறான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவனை நிர்வாக இயக்குநர் ஆக்கினோம். ஆனால் அவன் விலை பேசி முடித்தாலும், கணக்காளர் அதை என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சரி சொன்ன பிறகுதான் வாடிக்கையாளருக்குப் போகிறது. 'பேருக்குத்தான் எம்.டி.' என்று வீட்டில் வந்து குறைபடுகிறான். மகள் ஒரு பெரிய நிறுவனத்தில் நிதிப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு இதில் ஆர்வம் இருக்காது. இளையவன் இரண்டு மூன்று வேலை மாறிப் பார்த்துவிட்டு, இப்போது தொழிலுக்கே வந்துவிடுகிறேன் என்கிறான். கணவரிடம் பேச்செடுத்தால், 'என் காலத்துக்கு அப்புறம் அவங்களே பேசி முடிச்சுக்கட்டும்' என்கிறார். மூவருக்கும் பங்குகளைச் சமமாக எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை வராதுதானே?

பதில்:

வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டதற்கு முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: வரும். மூன்று பேருக்கும் சமமாக எழுதி வைத்து, வேறெதுவும் எழுதாமல் விட்ட குடும்பங்களுக்குத்தான் நான் அதிகம் பஞ்சாயத்து பேசப் போயிருக்கிறேன்.

பெற்றவர்கள் மூன்று பிள்ளைகளையும் ஒன்றுபோல் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது வங்கியில் போட்ட வைப்புத்தொகை அல்லவே, மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க. அது தினமும் காலையில் யாராவது போய் முடிவெடுக்க வேண்டிய தொழில். பங்கு என்பது சொத்து. தலைமை என்பது வேலை. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே கேள்வியாகக் கலந்து கிடக்கின்றன.

இதைப் பிரித்துப் பார்க்க ஹார்வர்டில் ரெனாட்டோ தகியூரி, ஜான் டேவிஸ் என்ற இருவர் 1978-இல் ஒரு வழி சொன்னார்கள். குடும்பம், உரிமை, நிர்வாகம் என ஒன்றன்மேல் ஒன்று படியும் மூன்று வட்டங்களைப் போட்டு, யார் எங்கே நிற்கிறார் என்று குறித்துப் பார்ப்பது. உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கணவர் மூன்று வட்டத்திலும் இருக்கிறார். அதனாலேயே அவருக்கு நடுவிலுள்ள கோடுகள் தெரிவதில்லை. நீங்கள் குடும்பத்திலும் உரிமையிலும் இருக்கிறீர்கள். மகளும் இளைய மகனும் குடும்பத்தில் மட்டும். கணக்காளரும் தொழிற்சாலை மேலாளரும் நிர்வாகத்தில் மட்டும். மூத்த மகனின் இடம்தான் விசித்திரம்: 16 ஆண்டு உழைப்பு, நிர்வாக இயக்குநர் என்ற பதவி, ஆனால் கையில் ஒரு பங்குகூட இல்லை. நாளை மூன்றில் ஒரு பங்கு வரும்போது அது அவருக்குப் பரிசாகத் தெரியாது. தான் வளர்த்ததில் மூன்றில் இரண்டு கைவிட்டுப் போனதாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடப்பதையும் சொல்கிறேன். ஓர் ஆண்டு லாபம் நூறு என்று வையுங்கள். தொழிலை நடத்துபவர் எழுபதை எடுத்துப் புது இயந்திரம் வாங்கலாம் என்பார். வெளியே இருக்கும் இருவரும், 'எங்கள் பங்குக்கு எப்போது கையில் காசு வரும்?' என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். ஆனால் ஓட்டு என்று வந்தால் இருவர் சேர்ந்து ஒருவரைத் தோற்கடித்துவிடலாம். தினமும் தொழிலை நடத்துகிறவர் எப்போதும் ஒருவர்தான். இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கே அப்படி அமைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் சம்பளம். மூத்த மகன் மாதச் சம்பளமாக எடுக்கிறாரா, தேவைப்படும்போது வாங்கிக்கொள்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இரண்டாவதுதான். வீட்டுச் செலவு, கார், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நிறுவனக் கணக்கில் போய்விடும். அவர் 'நான் சம்பளமே வாங்காமல் உழைக்கிறேன்' என்று நினைப்பார். உடன்பிறந்தவர்கள் 'அவன் குடும்பமே கம்பெனி காசில்தான் ஓடுகிறது' என்று நினைப்பார்கள். இரண்டுமே ஓரளவு உண்மை. வெளியாள் ஒருவரை அந்த வேலைக்கு வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அந்தச் சம்பளத்தை இந்த ஆண்டே எழுத்தில் போட்டுக் கொடுங்கள். உழைப்புக்குச் சம்பளம், பங்குக்கு ஈவுத்தொகை என்று பிரிந்துவிட்டாலே பாதிப் புழுக்கம் அடங்கும்.

பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு: நடத்துகிறவரிடம் முடிவெடுக்கப் போதுமான ஓட்டு இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மதிப்பில் குறை வைக்கக் கூடாது. இதற்கு வழிகள் இருக்கின்றன. ஓட்டுரிமை உள்ள பங்கு, இல்லாத பங்கு என்று இரண்டு வகையாக ஆக்கலாம். அல்லது தொழிலுக்கு வெளியே உள்ள சொத்துகளை மற்ற இருவருக்குக் கூடுதலாகக் கொடுத்து, பங்கில் மூத்தவருக்கு அதிகம் வைக்கலாம். தொழிற்சாலை நிலம் உங்கள் பெயரில் தனியாக இருந்து, அதை மகளுக்கு எழுதுவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அன்றிலிருந்து தங்கை நிலத்துக்குச் சொந்தக்காரர், அண்ணன் வாடகைக்காரர். நீண்ட காலக் குத்தகையும், வாடகை எப்படி ஏறும் என்ற விதியும் முன்கூட்டியே இல்லாவிட்டால், பங்கில் தவிர்த்த சண்டை நிலத்தில் வந்து நிற்கும்.

வெளியேற விரும்பும் உடன்பிறப்புக்குக் கதவும் வேண்டும். யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்குள்தான் கேட்க வேண்டும், மதிப்பை யார் எந்த முறையில் கணக்கிடுவார், பணத்தை எத்தனை ஆண்டுத் தவணையில் கொடுக்கலாம் என்பதையெல்லாம் பங்குதாரர் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். யார் விற்பார், யார் வாங்குவார் என்று தெரியாத நேரத்தில் எழுதும் விதிதான் எல்லோருக்கும் நியாயமாகப் படும். உயில் இதற்கு முரணாக இருந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே வக்கீல் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். யார் பேரிலாவது பெயருக்கு வைத்திருக்கும் பங்குகள் இருந்தால் அதையும் நேர்செய்துவிடுங்கள். சாம்சங்கை நிறுவிய லீ பியுங்-சுல் மூத்த மகன்களை விட்டுவிட்டு மூன்றாவது மகன் லீ குன்-ஹீயிடம் தலைமையைக் கொடுத்தார். 1987-இல் அவர் இறந்தார். நிர்வாகிகள் பெயரில் வைத்திருந்த பங்குகளில் தனக்கும் உரிமை உண்டு என்று மூத்த மகன் வழக்குப் போட்டது 2012-இல். இடையில் 25 ஆண்டுகள். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் முதுமையில் இரண்டு சகோதரர்கள் நீதிமன்றத்தில் நின்றதை யாரும் வெற்றி என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, வாட்ஸ்அப் விஷயம். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

அந்தக் கணக்காளர் மேல் தப்பில்லை. எம்.டி. சரி என்று சொன்ன விலை பெரியவர் கண்ணில் படாமல் போய், பிறகு அவர் 'யாரைக் கேட்டு அனுப்பினாய்?' என்று கேட்ட நாள் ஒன்று இருந்திருக்கும். ஒரே ஒருமுறை கேட்டிருந்தாலும் போதும், அவர் பாடம் கற்றுக்கொண்டிருப்பார். வாடிக்கையாளரும் கற்றுக்கொள்வார்: மகனிடம் பேசி முடித்த பிறகு அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் இன்னும் கொஞ்சம் விலை குறையும் என்று. இப்படியே ஐந்து ஆண்டு போனால், மகனுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று அப்பா சொல்வது உண்மையாகவே ஆகிவிடும். தவறான விலை ஒன்றைக் கொடுத்து, நஷ்டப்பட்டு, அதை அடுத்த மாதமே சரிசெய்யும் பழக்கம் மகனுக்கு வர வாய்ப்பே கிடைக்கவில்லையே.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டு தன் ஒரே மகன் எட்செலை 1919-இல் கம்பெனியின் தலைவராக ஆக்கினார். மகனுக்கு வயது 25. பதவி மகனிடம், அதிகாரம் அப்பாவிடம். எட்செல் எடுத்த முடிவுகளை அப்பா வெளிப்படையாகவே மாற்றினார். தன் நம்பிக்கைக்குரிய ஹாரி பென்னட் என்பவரை மகனுக்கு மேலாக வளரவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி ஓடியது. 1943-இல் எட்செல் 49 வயதில் புற்றுநோயால் இறந்தார். எண்பதை நெருங்கிய ஹென்றி மறுபடி தானே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியது.

அதை முடித்துவைத்தவர்கள் இரண்டு பெண்கள். எட்செலின் மனைவி எலினார், தன் மகனைத் தலைவராக்காவிட்டால் தன்னிடமுள்ள பங்குகளை விற்றுவிடுவேன் என்று மாமனாரிடம் சொன்னார். ஹென்றியின் மனைவி கிளாராவும் மருமகள் பக்கம் நின்றார். 1945 செப்டம்பரில் 28 வயதுப் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்பேற்றார். அனுபவம் போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே எர்னஸ்ட் பிரீச் என்ற கைதேர்ந்த நிர்வாகியை வெளியிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உங்கள் 25 சதவீதத்தை வைத்து மிரட்டச் சொல்லவில்லை, அம்மா. ஆனால் அந்தப் பங்கு உங்களிடம் இருக்கிறது என்பதைக் கடிதம் முழுக்க நீங்களே மறந்தவர்போல் எழுதியிருக்கிறீர்கள். 'கணவர் என்ன முடிவெடுப்பாரோ' என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை. நீங்கள் பங்குதாரர். உங்கள் பங்கு யாருக்கு என்ற உயிலை எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

'அவங்களே பேசி முடிச்சுக்கட்டும்' என்ற பேச்சுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அப்பா முடிவு செய்யாமல் போனால் பிள்ளைகள் தாங்களாகப் பேசி முடிப்பது அபூர்வம். கடைசியில் தீர்ப்புச் சொல்ல அம்மாவிடம்தான் வருவார்கள். திருபாய் அம்பானி 2002-இல் உயில் எழுதாமல் இறந்தார். மகன்கள் இருவரும் 2004-இல் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். 2005 ஜூனில் பிரிவினையை அறிவித்தவர் தாய் கோகிலாபென். எந்த மகனுக்கு எந்தத் தொழில் என்று பெற்றவள் சொல்ல வேண்டிய நிலை. உங்கள் கணவர் தள்ளிப்போடுவதால் அந்தச் சுமை இறங்கப்போவது உங்கள் தோளில்தான். இதை அவரிடம் அப்படியே சொல்லலாம்.

சொல்வது எப்படி என்பதுதான் சிரமம். 'நீங்க ஓய்வெடுங்க' என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடியும். தொழிலை உருவாக்கியவருக்கு அது 'உங்கள் வேலை முடிந்தது' என்றுதான் காதில் விழும். யாரைத் தலைவராக்குவது என்றும் ஆரம்பிக்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: 'நாளைக்கு நீங்க மூணு மாசம் ஆஸ்பத்திரியில இருக்க வேண்டி வந்தா, மாசக் கடைசியில சம்பளத்துக்கு யார் கையெழுத்து போடுவாங்க?' இந்தக் கேள்விக்குக் கோபப்பட முடியாது; அவரே யோசிக்க ஆரம்பிப்பார். வங்கியில் இரண்டாவது கையெழுத்து யார், காகித மில்காரர் யாரை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறார், எந்த வாடிக்கையாளருக்கு வாய்வார்த்தையாக எத்தனை நாள் தவணை கொடுத்திருக்கிறார், யாருக்கு எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது... இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. 38 ஆண்டுகளாக அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு நோட்டில் அவர் சொல்லச் சொல்ல மூத்த மகன் எழுதட்டும். மகன் என்னென்ன தெரியாமல் இருந்தார் என்று அப்பாவுக்கும், அப்பா எவ்வளவு சுமந்திருக்கிறார் என்று மகனுக்கும் புரியும். பல குடும்பங்களில் அதிகாரம் கைமாறத் தொடங்கியது இந்த நோட்டில்தான்.

பிறகு அதிகாரத்தைப் படிப்படியாக, எழுத்தில், தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் இந்தத் தொகை வரை கொள்முதல், இந்த அளவு வரை விலைத் தள்ளுபடி மகன் முடிவு. யாரும் மேலே கேட்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து ஆள் எடுப்பதும் நிறுத்துவதும். கடைசியாக வங்கிக் கடனும் பெரிய முதலீடும். மொத்தம் இரண்டு, மூன்று ஆண்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். மகன் தவறு செய்வார். அப்போது அப்பா செய்ய வேண்டியது, அறைக்குள் அழைத்துப் பேசுவது மட்டும். ஊழியர் முன்னால் முடிவை மாற்றிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விலைப் பட்டியலை அவருக்கு அனுப்பும் பழக்கத்தை நிறுத்துமாறு கணக்காளரிடம் சொல்ல வேண்டியவரும் உங்கள் கணவர்தான். மகன் சொன்னால் அந்த மனிதர் கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது.

அப்பாவுக்கு அதன் பிறகு என்ன வேலை? இதற்கு விடை இல்லாத திட்டம் நடக்கவே நடக்காது. இயக்குநர் குழுவின் தலைவராக மாதம் ஒரு கூட்டம், பழைய வாடிக்கையாளர் உறவு, புதிய இடம் பார்ப்பது என்று உருப்படியான வேலையாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் வருமானம். மகனிடம் கைநீட்டும் நிலை வந்துவிடுமோ என்ற பயத்தை எந்த அப்பாவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உங்கள் இருவருக்கும் ஆயுள் முழுக்க வர வேண்டிய தொகை, தொழிலின் லாப நஷ்டத்தைச் சாராமல் எங்கிருந்து வரும் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அது தெளிவானதும் பிடி தானாகத் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

இளைய மகனைப் பற்றி. தொழிலுக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறெங்கும் சரிப்படவில்லை என்பதால் கொடுக்கும் வேலை அவருக்கும் மரியாதையாக இருக்காது. ஜப்பானில் சோயா சாஸ் தயாரிக்கும் கிக்கோமான் நிறுவனத்தை எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து உருவாக்கின. ஒரு தலைமுறையில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே வேலைக்குச் சேரலாம் என்று விதி வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. உண்மையிலேயே காலியாக உள்ள ஒரு பதவி, அதற்குரிய சம்பளம், அண்ணனுக்குக் கீழே அல்லாமல் குடும்பத்துக்கு வெளியிலுள்ள ஒரு மேலாளருக்குக் கீழே வேலை. இந்த மூன்றும் இருந்தால் வரட்டும். வருவதற்கு முன்னால் எழுதப்படும் விதி எல்லோருக்கும் பொதுவிதியாக இருக்கும். வந்த பிறகு எழுதினால் அது தம்பிக்கு எதிராக அண்ணன் போட்ட விதியாகிவிடும்.

மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆர்வம் இருக்காது என்று அவர் சொன்னாரா, நீங்களாக முடிவு செய்தீர்களா? உங்கள் வீட்டிலேயே ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். முழுநேரமாக வராவிட்டாலும் இயக்குநர் குழுவில் உட்கார்ந்து, அண்ணன் கொண்டுவரும் இயந்திரத் திட்டத்தை எண்களாகக் கேள்வி கேட்கலாம். ஒருவேளை தலைமைக்கே அவர்தான் பொருத்தமாக இருக்கலாம். அடுத்த பத்தாண்டில் இந்தத் தொழிலுக்கு என்ன வேண்டும், புது வாடிக்கையாளரா, பெரிய முதலீடா, செலவுக் கட்டுப்பாடா என்று முதலில் எழுதிக்கொண்டு, பிறகு மூன்று பேரையும் அதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். மூத்தவர் என்பதும் 16 ஆண்டு அனுபவமும் கணக்கில் சேரும். அவை மட்டுமே கணக்கு அல்ல. மூவருமே பொருந்தாவிட்டால் வெளியாள் ஒருவரை நிர்வாகத்துக்கு வைத்து, குடும்பம் உரிமையாளராக மட்டும் இருப்பதும் கௌரவமான முடிவுதான்.

'குடும்ப சாசனம்' என்று தோல் அட்டை போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நாலு பக்கத்தில் எழுதி ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து படிக்கும் காகிதம் போதும். அதில் எடுத்த முடிவை தொழிற்சாலை மேலாளர் போன்ற பழைய ஆட்களிடம், வதந்தியாகப் போய்ச் சேருவதற்கு முன்னால், உங்கள் கணவரே நேரில் சொல்ல வேண்டும். அவர்கள் புதிய தலைவரை ஏற்காவிட்டால் பங்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை.

கணவரிடம் பேசுவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. நிறுவனம் வாங்கிய கடன்களுக்கு உங்கள் கணவர் சொந்த ஜாமீன் கொடுத்திருப்பார். பங்குதாரர் என்ற முறையில் நீங்களும் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜாமீன் கொடுத்தவர் இறந்தால் வங்கி கடனை மறுபரிசீலனை செய்யும். அவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதும் அந்தப் பொறுப்பு தொடரலாம். அப்படியானால் தொழிலுக்கே வராத மகளின் பங்குகூட அண்ணன் காலத்துக் கடனுக்குப் பிணையாக நிற்கும். வங்கியிலிருந்து ஜாமீன் பத்திரங்களின் நகல்களை வாங்கி, யார் யார் பெயர், எவ்வளவு தொகை என்று பாருங்கள். அதையும், கடைசி மூன்று ஆண்டுக் கணக்கறிக்கையையும், உயில் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு முதலில் வக்கீலிடம் போங்கள். பங்கைப் பிரிப்பது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.